காதுக்கு ஒரு கேம்ஷாஃப்ட்

பிரசாந்த் அந்தக் கேம்ஷாஃப்டைத் துண்டில் சுற்றி, தூங்குகிற கைக்குழந்தையைத் தூக்கிவருவது போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தான். மணிமொழிக்கு அவன்மேல் மரியாதை என்று ஏதாவது மிச்சம் இருந்திருந்தால் அதுவும் அந்த இடத்திலேயே போயிற்று.

"கோயம்புத்தூர்லருந்து வந்துச்சிக்கா. டூ எயிட்டி எயிட். இந்த ஜில்லாவுலயே யார்கிட்டயும் இல்ல," என்றான்.

இருக்காதுதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். இந்த ஜில்லாவில் இருக்கிறவர்களுக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கிறது.

மணிமொழிக்கு நாற்பத்து மூன்று வயது. செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், கோட்டைக்குத் திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவளுடைய பட்டறை. பலகையில் 'மணிமொழி இன்ஜின் ஒர்க்ஸ்' என்று பெரிதாகவே எழுதியிருக்கும். இருந்தும் வருகிறவர்களில் பாதிப் பேர் அவளைப் பார்த்தே, "ஓனர் இல்லையாம்மா?" என்று கேட்பார்கள். அவள் திருத்தமாட்டாள். "வருவாரு, உக்காருங்க" என்று பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். கோட்டை பார்க்க வந்த ஒருவர் அப்படி இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவளே எழுந்து போய், ஓனர் நான்தான், உங்கள் ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை, அவ்வளவுதான் கோளாறு என்று சொல்லி அனுப்பிவைத்தாள்.

பட்டறை வைப்பதற்கு முன்னால் பதினோரு வருஷம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு ரேஸ் அணியில் இன்ஜின் கட்டியவள். அணியைக் கலைத்துவிட்டார்கள். அவள் ஊருக்குத் திரும்பினாள். கணவர் ஆனந்தராஜ் பஸ் கண்டக்டர். இன்ஜின் என்றால் டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கும் சூடான பெட்டி என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவரை அவளுக்குப் பிடிக்கும். தனக்குத் தெரியாத விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கும் ஆண்பிள்ளையை அவள் அவரைத் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை.

பிரசாந்த் அந்த வகை இல்லை. கடலை எண்ணெய் மில் இளையபெருமாளின் ஒரே மகன். முப்பது வயதாகிறது. மில்லுக்குப் போகிறானோ இல்லையோ, இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு எஸ்டீம் காரை வாங்கி, அதன் உடம்பெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டி, அதன் பக்கத்தில் நின்று கைப்பேசியில் வீடியோ எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். பெரிய கார்புரேட்டர், பெரிய சைலன்சர் எல்லாம் முன்பே யாரோ மாட்டிக்கொடுத்திருந்தார்கள். மாசி மாதம் அவலூர்பேட்டைப் பக்கம் வற்றிப்போன ஏரியில் மண்பாதைக் கார்ப்பந்தயம் நடக்கப்போகிறது. அதற்குள் இந்தக் கேமைப் போட்டுத் தர வேண்டும் என்பது அவனுடைய கோரிக்கை.

கேம்ஷாஃப்ட் பெரிய மர்மம் எதுவும் இல்லை. ஒரு இரும்புத் தண்டு. அதில் முட்டை வடிவத்தில் மேடுகள். தண்டு சுற்றச் சுற்ற மேடுகள் வால்வுகளை அழுத்தித் திறக்கும். இன்ஜின் மூச்சு இழுக்கும், விடும். வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதை டிகிரியில் சொல்வார்கள். டிகிரி ஏற ஏற இன்ஜினின் பலமெல்லாம் மேலே, அதிவேகச் சுற்றில் போய் உட்கார்ந்துகொள்ளும். கீழே எதுவும் இருக்காது. 288 போட்ட வண்டியை ஐயாயிரம் சுற்றுக்குக் கீழே இறங்கவிடாமல் ஓட்டத் தெரிய வேண்டும். தெரியாதவன் கையில் அது வெறும் பழுதான வண்டி. அதனால் கேம் தேர்ந்தெடுக்கிறவர்கள் வண்டியைப் பற்றிக் கொஞ்சமும் ஓட்டுகிறவனைப் பற்றி நிறையவும் விசாரிப்பார்கள்.

மணிமொழியும் விசாரித்தாள். வளைவில் எந்த கியரில் போவீர்கள், எத்தனையாயிரத்தில் கியர் மாற்றுவீர்கள் என்று கேட்டாள். எப்போதும் ஏழாயிரம்தான் என்று அவன் அடித்துச் சொன்னான். இப்போதிருக்கும் கேமில் அந்த இன்ஜினுக்கு ஏழாயிரத்தில் உயிரே இருக்காது. அவள் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

"இதுவே எதுக்கு தம்பி வேணும்னு இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் கைப்பேசியை எடுத்து ஒரு வீடியோவைப் போட்டான். எங்கோ ஒரு ஊரில் ஒரு கார் நின்ற இடத்திலேயே டபக் டபக் என்று விக்கிக்கொண்டிருந்தது.

"இந்தச் சத்தம்க்கா. சும்மா நிக்கும்போதே இப்பிடி நிக்கணும். பாக்கறவன் மெரளணும்," என்றான்.

ஆக, அவனுக்குக் கேம் வேண்டியது சக்கரத்துக்கு இல்லை, காதுக்கு.

அவனோடு அவன் மனைவி கலைமதியும் வந்திருந்தாள். வல்லத்துப் பெண். கல்யாணமாகி மூன்று வருஷம் இருக்கும். கையில் தண்ணீர் பாட்டில், தோளில் பை, அவன் பேசும்போதெல்லாம் பேசாமல் நிற்கிற நிற்பு. மணிமொழி அந்த மாதிரிப் பெண்களையும் நிறையப் பார்த்திருக்கிறாள். ரேஸ் அணியில் இருந்த காலத்தில் அவர்கள் குடையோடு வருவார்கள். செஞ்சியில் தண்ணீர் பாட்டிலோடு வருகிறார்கள்.

திடீரென்று அந்தப் பெண், "டூ செவன்டி டூ இருக்குதாக்கா?" என்று கேட்டாள்.

மணிமொழி அதைப் பேரம் என்று எடுத்துக்கொண்டாள். புடவைக்கடையில் ஒன்றைக் காட்டினால், இதைவிடக் கொஞ்சம் குறைச்சலில் இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி. 288 வாங்கியாகிவிட்டது, இனிமேல் என்ன பேரம்? "நிழல்ல உக்காருமா" என்று நாற்காலியைக் காட்டினாள். பிரசாந்த் சிரித்தான். கலைமதி உட்காரவில்லை, வெளியே போய்க் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

மறுநாள் இன்ஜினைத் திறந்தாள் மணிமொழி. ஒரு மனிதன் எப்படி வாழ்கிறான் என்பதை அவன் இன்ஜினைத் திறந்தால் தெரிந்துகொள்ளலாம் என்பது அவள் கொள்கை. ஸ்பார்க் பிளக்குகள் நான்கும் விறகடுப்புச் சுவர் மாதிரிக் கரி பிடித்துக் கிடந்தன. மூவாயிரத்தைத் தாண்டவே பயப்படுகிறவனின் பிளக்குகள். ஏழாயிரமாம். ஆனால் வால்வு ஸ்பிரிங்குகள் மட்டும் நிறைய அடிபட்டுத் தளர்ந்திருந்தன. இரண்டாவது கியரும் நன்றாகத் தேய்ந்திருந்தது. அது கரிபிடித்த பிளக்கோடு ஒட்டவில்லை. அவள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, இவனுக்கு வண்டியை விற்றவன் அடித்து ஓட்டியிருப்பான் என்று முடிவு கட்டினாள்.

288-ஐ அவள் தொடவே இல்லை. அதைத் துண்டோடு அப்படியே மேல்தட்டில் வைத்தாள். தன்னிடம் இருந்த 264-ஐ எடுத்தாள். அடக்கமான கேம். கீழ்ச்சுற்றிலேயே இழுக்கும், தப்பாக ஓட்டினாலும் மன்னிக்கும், யாரையும் காட்டிக்கொடுக்காது. பக்கத்துப் பட்டறையில் லேத் போட்டிருக்கும் செல்லப்பன் ஒரு போல்ட்டுக்கு மரை போட்டுக் கொடுக்க வந்தவர், மேல்தட்டில் இருந்ததையும் அவள் கையில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தார். சொல்லிவிட்டே மாற்றலாமே என்றார்.

"சொன்னா கேக்கற ஆளுகிட்ட சொல்லலாம்ணா. இவனுக்கு உண்மைய சொல்லி நான் எதுக்கு வேஸ்ட் பண்ணணும்?" என்றாள் அவள்.

சத்தத்துக்கு என்ன செய்வாய் என்று அவர் கேட்டார். அதற்கும் வழி வைத்திருந்தாள். கார்புரேட்டரிலிருந்து காற்றைக் கொண்டுபோகும் குழாயில், நான்காவது சிலிண்டருக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் நுனியளவு ஒரு ரப்பர் மூடி உண்டு. அதைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் அந்த வழியாகத் திருட்டுக்காற்று உள்ளே போகும்; ஒரு சிலிண்டர் தடுமாறும்; வண்டி நின்ற இடத்தில் விக்கும். ஓட ஆரம்பித்துவிட்டால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அரை மணி நேரம் அந்த மூடியைத் தளர்த்தியும் இறுக்கியும் பார்த்து, அந்த வீடியோவில் கேட்ட மாதிரியே டபக் டபக்கைக் கொண்டுவந்துவிட்டாள். உண்மையான வேலையைவிட இந்தப் பொய் வேலையில் அவளுக்குச் சந்தோஷம் அதிகமாக இருந்தது.

வண்டியை எடுக்க வந்த அன்று பிரசாந்த் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பிறகு கண்ணைத் திறந்து, "அக்கா, இதுதான்" என்றான். வீடியோ எடுக்க ஆரம்பித்தான். 288 டிகிரியின் மகிமையைப் பற்றிக் கைப்பேசியிடம் அவன் விளக்கிக்கொண்டிருக்க, மணிமொழி கைகட்டி நின்று, அவன் கேட்டபோதெல்லாம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். கலைமதி இதற்குள் ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்து பிரேக்கை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தாள். பொழுதுபோகவில்லை போலிருக்கிறது என்று மணிமொழி நினைத்தாள். அந்தப் பெண் இறங்கி, இவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பக்கத்து இருக்கைக்கு மாறிக்கொண்டாள்.

பந்தயத்துக்குப் போகிற எண்ணம் மணிமொழிக்கு இல்லை. ஆனால் பிரசாந்த் அவளைக் கேட்காமலே காரின் இரண்டு கதவிலும் அவள் பட்டறையின் பெயரை ஒட்டிக்கொண்டு ஊரைச் சுற்றிவந்தான். தன் பெயர் என்ன கதிக்கு ஆளாகிறது என்று பார்க்கவாவது போக வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை செல்லப்பனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து அவலூர்பேட்டைக்குப் போனாள்.

ஏரி பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்திருந்தது. நடுவில் சுண்ணாம்புக் கோடு போட்டு, பழைய டயர்களை அடுக்கி வளைவு வளைவாகப் பாதை அமைத்திருந்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார் ஓடும், நேரத்தைக் குறிப்பார்கள். கரை முழுக்கப் பைக்குகளும் ஐஸ் வண்டிகளும். ஒலிபெருக்கியில் ஒருவர் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாமலே இவ்வளவு நேரம் பேசுவதற்குத் தனித்திறமை வேண்டும் என்று மணிமொழிக்குத் தோன்றியது.

பிரசாந்த் எதிர்பார்த்தபடியே ஓட்டினான். கோட்டில் நின்று இன்ஜினை உறுமவிட்டபோது கரையில் விசில் பறந்தது. பிறகு ஒவ்வொரு வளைவுக்கும் அரைப் பர்லாங்குக்கு முன்பே பிரேக் போட்டு, மூவாயிரத்தில் கியரை மாற்றி, கல்யாண ஊர்வலம் மாதிரிப் போய் வந்தான். 264 அவனைப் பொறுத்துக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் இழுத்து வெளியே விட்டது. போன வருஷம் கடைசியாக வந்தவன் இந்த வருஷம் பதினான்கு பேரில் எட்டாவதாக வந்தான். இறங்கியவுடன், 288 இன்னும் முழுசாகத் திறக்கவில்லை, திறந்தால் என்ன ஆகுமென்று தெரியாது என்று சுற்றி நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

மணிமொழிக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. கரும்புச்சாறு குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று செல்லப்பனைக் கூப்பிட்டுக்கொண்டு கரைக்கு அந்தப்பக்கம் இறங்கினாள். ஒலிபெருக்கியில் பெண்கள் பிரிவு என்று சொன்னது காதில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

டம்ளரை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். தன் கையால் கட்டிய இன்ஜினின் சத்தத்தை எத்தனை கூட்டத்திலும் அவளுக்குத் தெரியும். அந்த எஸ்டீம்தான். ஆனால் ஓட்டுகிறது அவன் இல்லை. சுற்று நாலாயிரத்துக்குக் கீழே இறங்கவே இல்லை, சத்தத்திலேயே தெரிந்தது. வளைவுக்குள் நுழைகிற நேரத்தில் இரண்டாவது கியர் சுத்தமாக விழுந்தது. வெளியே வரும்போது ஐயாயிரம், ஐயாயிரத்து ஐந்நூறு, ஆறாயிரம். அங்கே இன்ஜின் திணறியது. இன்னும் மேலே போகக் கால் கேட்டது; இன்ஜினுக்கு மூச்சு இல்லை. ஒவ்வொரு நேர்ப்பாதையின் முடிவிலும் அதே இடத்தில் அதே திணறல். அது பழுது இல்லை. 264 அங்கே முடிந்துவிடும். அதை அங்கே முடித்துவைத்தது அவள்தான்.

டம்ளரை அப்படியே செல்லப்பனிடம் கொடுத்துவிட்டுக் கரையேறினாள். கார் வந்து நின்று புழுதி அடங்கியதும் ஹெல்மெட்டைக் கழற்றியபடி இறங்கியது கலைமதி.

அவள் இரண்டாவதாக வந்தாள். முதலிடத்துக்கும் அவளுக்கும் இடையில் அரை வினாடிகூட இல்லை. ஆண்கள் பிரிவில் ஓட்டியிருந்தால் அந்த நேரத்துக்கு மூன்றாவது இடம் கிடைத்திருக்கும். இதை ஒலிபெருக்கிக்காரர் சொல்லவில்லை. மணிமொழி பலகையில் இருந்த நேரங்களைப் பார்த்துத் தானே கணக்குப் போட்டுக்கொண்டாள்.

பிரசாந்த் கோப்பை வாங்குகிறவர்களோடு படம் எடுத்துக்கொள்ளப் போயிருந்தான். கலைமதி பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். மணிமொழி போய்ப் பக்கத்தில் நின்று, நன்றாக ஓட்டினாய் என்றாள். சொன்ன தொனி அவளுக்கே பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுக்கிறவர்களின் தொனி.

"மேல போவலக்கா. ஆறாயிரத்துக்கு மேல இழுக்க மாட்டேங்குது," என்றாள் கலைமதி.

பெட்ரோலை அளந்து விடும் கார்புரேட்டர் ஜெட்டாக இருக்கும், பார்க்கிறேன் என்று மணிமொழி சொன்னாள். இத்தனை வருஷத்தில் வாடிக்கையாளரிடம் தொழில் விஷயத்தில் அவள் நேருக்கு நேர் சொன்ன இரண்டாவது பொய். முதல் பொய்யும் இதே வண்டிக்குத்தான்.

கலைமதி கையை உள்ளே விட்டு, நான்காவது சிலிண்டருக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன ரப்பர் மூடியைத் தொட்டுக் காட்டினாள். அது இறுக்கமாக இருந்தது.

"நான் ஓட்டறப்போ இத்த இறுக்கிடுவேன். எறங்கனதும் அவருக்காகத் தளத்தி வுட்டுடுவேன். இது 288 இல்லன்னு எனக்கு மொத நாளே தெரியும். பிரேக்கு மிதிச்சன் இல்ல? மெத்துன்னு எறங்குச்சி. 288 போட்டிருந்தா நிக்கற வண்டியில கல்லு மாதிரி இருக்கணும்."

அவள் சொன்னது சரி. பெரிய கேம் போட்டால் நிற்கும்போது இன்ஜினுக்கு உறிஞ்சு சக்தி குறைந்துவிடும். பிரேக்குக்கு உதவி கிடைக்காது. இது மணிமொழிக்கு ரேஸ் அணியில் மூன்றாவது வருஷம்தான் தெரியவந்தது.

"யாரு சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டாள். வாயிலிருந்து வந்த பிறகுதான் அது எப்படிப்பட்ட கேள்வி என்று உறைத்தது. அவளிடம் எத்தனை பேர் எத்தனை தடவை அதைக் கேட்டிருக்கிறார்கள்.

கலைமதி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. நைனாவுக்கு நெல் ஏற்றும் வண்டி இருந்தது, பதினேழு வயதிலிருந்து ஓட்டுகிறேன், படிக்கத் தெரியும், படித்தேன் என்று மூன்றே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். எஸ்டீமில் பாதி நாள் ஓட்டம் அவளுடையதுதான். மாமனார் ஊரில் இல்லாத நாட்களில் மில்லின் களத்தில் கோணி மூட்டைகளை வரிசையாக நட்டு வளைந்து வளைந்து ஓட்டிப் பழகியிருக்கிறாள். தளர்ந்த ஸ்பிரிங், தேய்ந்த இரண்டாவது கியர் எல்லாம் யாருடையவை என்று இப்போது மணிமொழிக்குப் புரிந்தது.

"அப்பவே சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"டூ செவன்டி டூ இருக்குதான்னு கேட்டேன். உக்காருன்னு சொன்னீங்க." கலைமதி துணியால் கையைத் துடைத்துக்கொண்டாள். "அவர்கிட்ட நீங்க கேம் மாத்துனத மறச்சீங்க, அது எனக்கு ஒண்ணும் இல்ல. அவருக்கு அது போதும். ஆனா ஓட்டறது யாருன்னு நீங்க கேக்கவே இல்லக்கா. ஓனர் இல்லையான்னு கேக்கறவங்களுக்கு நாக்காலி போடுவீங்களாமே, எல்லாரும் சிரிச்சி சிரிச்சி சொல்லுவாங்க. எனக்கும் அந்த நாக்காலியத்தான் போட்டீங்க."

மணிமொழிக்குக் காது மடல் சூடேறியது. முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண் பானெட்டுக்குப் பக்கத்தில் நிற்க வைத்துத் தன்னை அளந்து ஒரு தட்டில் வைத்துவிட்டாள் என்பதை அவளால் பொறுக்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

"ஹெல்மெட் இன்னொண்ணு இருக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

பந்தயம் முடிந்து கூட்டம் கலைகிற நேரம். பாதையில் யாரும் இல்லை. நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொண்டு இரண்டு சுற்று போனார்கள். மணிமொழி பக்கத்து இருக்கையில் வார்ப்பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டு, பாதையைப் பார்க்காமல் சுற்றைக் காட்டும் முள்ளை மட்டும் பார்த்தாள். டயர் அடுக்குக்குப் பக்கத்தில் வண்டி பக்கவாட்டில் சறுக்கியபோது கதவுப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அப்போதும் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மிகக் குறைந்தது நாலாயிரத்து இருநூறு. மிக அதிகம், இந்தக் கேமை வைத்துக்கொண்டு, ஆறாயிரத்து முந்நூறு. அதற்கு மேல் இன்னும் எழுநூறு, எண்ணூறு இருந்தால் அந்தக் கால் அதையும் எடுத்துக்கொள்ளும். 264 இவளுக்குப் போதாது. 288 போட்டால் அந்த நாலாயிரத்து இருநூறு வளைவில் படுத்துவிடும். பிரசாந்த் வாங்கியதும் தப்பு, அவள் போட்டதும் தப்பு. சரியான எண்ணை இந்த வண்டி விஷயத்தில் சொன்னது ஒரே ஒரு ஆள்.

"டூ செவன்டி டூ," என்றாள் இறங்கும்போது.

"தெரியும்," என்றாள் கலைமதி.

பிரசாந்திடம் சொல்ல வேண்டாம் என்று கலைமதி கேட்டுக்கொண்டாள். அவர் சந்தோஷமாக இருக்கிறார், எதற்குக் கெடுக்க வேண்டும் என்றாள். அது அன்பா அலட்சியமா என்று மணிமொழிக்குப் பிடிபடவில்லை. புருஷன் பெண்டாட்டி விஷயம் என்று விட்டுவிட்டாள். ஆனால் தன் பொய்யை இன்னொருத்தி பாதுகாத்து வைத்திருப்பது அவளுக்குச் சகிக்கவில்லை. புதன்கிழமை இருவரும் பட்டறைக்கு வந்தபோது மேல்தட்டிலிருந்து துண்டை எடுத்து மேஜைமேல் பிரித்தாள். இதுதான் உங்கள் 288, நான் போடவில்லை, வேறு போட்டேன், சத்தம் நான் செய்த வேலை என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். திட்டட்டும், ஊரெல்லாம் வீடியோ போடட்டும் என்று தயாராகவே நின்றாள்.

பிரசாந்த் கேமைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"காமெடி பண்ணாதீங்கக்கா. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா?"

அவள் திரும்பவும் சொன்னாள். மேடுகளைத் தடவிப் பாருங்கள், ஓடிய தடமே இல்லை என்று காட்டினாள். அவன் தடவிப் பார்த்துவிட்டு, நீங்கள் துடைத்து வைத்திருக்கிற சுத்தத்துக்கே உங்களுக்குத் தனியாக ஒரு வீடியோ போட வேண்டும் என்றான். ஸ்பேராக இன்னொன்று வாங்கி வைத்துக்கொண்டு விளையாடுகிறாள் என்று அவனாகவே ஒரு காரணமும் கண்டுபிடித்தான். எட்டாவது இடம் 264-இல் வந்திருக்கும் என்பதை அவனால் நம்ப முடியவில்லை. அவன் உண்மைக்கு லாயக்கில்லாதவன் என்று தான் முன்பே முடிவு கட்டியது சரியாகத்தான் இருந்தது என்று மணிமொழிக்குத் தோன்றியது. ஆனால் முன்பு போல அதில் ருசி இல்லை. அவனை வெறும் பிளக்கைப் பார்த்துப் புரிந்துகொண்டவள் அவன் பக்கத்தில் நின்றவளைக் கண்ணால் பார்த்தும் புரிந்துகொள்ளவில்லை.

கலைமதி, தான் ஓட்டுவதற்கு 272 போட வேண்டும் என்று அவன் முன்னாலேயே சொன்னாள். பிரசாந்துக்கு அதில் ஆட்சேபம் இல்லை. "லேடீஸுக்கு அது போதும்க்கா. பங்குனி ரேஸ் முடிஞ்சதும் என்னுத திரும்பப் போட்டுடுங்க" என்றான் பெருந்தன்மையாக. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

கேம் கோயம்புத்தூரிலிருந்து வர ஒன்பது நாள் ஆயிற்று. ஸ்பிரிங்குகளை மாற்றினாள். வால்வு பிஸ்டனில் இடிக்குமா என்று பார்க்கக் களிமண் ஒட்டி, கையால் சுற்றி, எடுத்து அளந்தாள். வேலை நடந்த மூன்று நாளும் கலைமதி வந்தாள். இந்தத் தடவை தண்ணீர் பாட்டில் இல்லை. வால்வு சற்று முன்பே திறக்கும்படி கேமை மூன்று டிகிரி முன்னால் தள்ளிவைக்க வேண்டும் என்று மணிமொழி சொன்னால், இரண்டு போதாதா என்று கேட்டாள். ஏன் என்றால் காரணமும் சொன்னாள். இரண்டு நாள் இந்த ஒரு டிகிரிக்காகச் சண்டை போட்டார்கள். மூன்று வைத்தார்கள். மணிமொழி ஜெயித்தாள், ஆனால் ஜெயித்ததற்குக் காரணத்தைத் தாளில் கோடு போட்டு விளக்க வேண்டியிருந்தது. இதுவரை எந்த வாடிக்கையாளருக்கும் அவள் அப்படி விளக்கியதில்லை. விளக்க வைத்ததற்காக அந்தப் பெண்மேல் எரிச்சலாகவும் வந்தது.

பங்குனி கடைசியில் விழுப்புரத்துக்குப் பக்கத்தில் நடந்த பந்தயத்துக்கு மணிமொழி போகவில்லை. கோட்டைக்கு வந்த ஒரு வேனுக்குக் கேஸ்கெட் போயிருந்தது. மதியம் செல்லப்பன்தான் யாரோ அனுப்பியதைப் பார்த்துச் சொன்னார்: கலைமதி முதலில் வந்துவிட்டாள், ஒன்றரை வினாடி வித்தியாசம். ஆண்களில்கூட ஒருவன்தான் அவளைவிட வேகம். அடுத்ததாகப் பிரசாந்தின் வீடியோவும் வந்தது. 288 ஓட்டிப் பழகினால் 272 எல்லாம் சைக்கிள் மாதிரி என்று அதில் அவன் விளக்கிக்கொண்டிருந்தான்.

கலைமதியிடமிருந்து போன் வரும் என்று மணிமொழி எதிர்பார்த்தாள். எதிர்பார்க்கவில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டும் இரண்டு தடவை கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். நாலு மணிக்கு ஒரு செய்தி வந்தது. நன்றி இல்லை, கோப்பைப் படம் இல்லை, ஜெயித்தேன் என்றுகூட இல்லை.

'அக்கா, நாலாயிரத்து அஞ்சுநூறுல இழுப்புல ஒரு சின்ன குழி இருக்குது. வளைவுல தெரியுது. பாக்கணும்.'

இவளுக்கு என்ன தெரியும், புழுதியிலும் சத்தத்திலும் குழியாம் குழி, பெரிய மனுஷி என்று மணிமொழி வாய்விட்டே சொன்னாள். பக்கத்துப் பட்டறையில் செல்லப்பன் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் லேத்தில் குனிந்துகொண்டார். அவள் வேனின் அடியில் போய்ப் படுத்து இரண்டு போல்ட்டை இறுக்கினாள். மூன்றாவது போல்ட்டில் கை நின்றது. 272, மூன்று டிகிரி முன்னால், அந்தக் கார்புரேட்டர், அந்த ஜெட். நாலாயிரத்து ஐந்நூறில் குழி இருக்கத்தான் செய்யும்.

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, ஜெட் டப்பாவை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தாள்.